ஒரே அணி, இரண்டு ஓட்டுநர்கள்: யாரை முன்னே விடுவது?

2025 செப்டம்பர் 7 அன்று இத்தாலியின் மான்சாவில் நடந்த ஃபார்முலா 1 கார் பந்தயத்தின் 46-வது சுற்றில், மெக்லாரன் அணியின் லேண்டோ நோரிஸ் டயர் மாற்றுவதற்காகப் பிட் பாதைக்குள் வந்தார். வழக்கமாக இரண்டு, இரண்டரை விநாடிகளில் முடிந்துவிடும் வேலை, ஒரு சக்கரம் தகராறு செய்ததால் ஏறக்குறைய ஆறு விநாடிகள் இழுத்தது. ஒரு சுற்று முன்னதாகவே டயர் மாற்றிக்கொண்டு போயிருந்த சக ஓட்டுநர் ஆஸ்கர் பியாஸ்ட்ரி, அந்தத் தாமதத்தில் அவரை முந்தி இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார். சற்று நேரத்தில் பியாஸ்ட்ரியின் ரேடியோவில் அணியின் வேண்டுகோள் வந்தது: அந்த இடத்தை நோரிஸுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிட் வேலை தாமதமாவதும் பந்தயத்தின் ஒரு பகுதிதான் என்று பேசி வைத்திருந்தோமே என்று அவர் கேட்டார், கேட்டுவிட்டு, கொடுத்தும்விட்டார். அப்போது சாம்பியன்ஷிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர் அவர்தான்.

இரண்டாம் இடத்துக்கு 18 புள்ளிகள், மூன்றாம் இடத்துக்கு 15. அன்று கைமாறியது மூன்றே மூன்று புள்ளிகள். டிசம்பரில் அபுதாபியில் பருவம் முடிந்தபோது நோரிஸ் 423, ரெட் புல்லின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410. மான்சாவில் அந்த இடமாற்றம் நடக்காமல் மற்றவை எல்லாம் அப்படியே நடந்திருந்தால், நோரிஸின் கணக்கு 420-இல் நின்றிருக்கும். பட்டம் வெர்ஸ்டாப்பனிடம் போயிருக்கும். நடந்த பந்தயங்களை இப்படிப் பின்னோக்கிக் கழித்துப் பார்ப்பது முழுமையான நியாயமல்ல என்பது தெரியும். ஒரு முடிவு மாறினால் அடுத்த பந்தயத்தின் மனநிலையும் மாறும். ஆனாலும், சக ஓட்டுநர்களுக்கிடையே நியாயம் என்று ஓர் அணி எதைக் கருதுகிறதோ அது ஒரு பட்டத்தின் எடைக்குச் சமமாகிவிடக்கூடும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான கணக்கு கிடைக்காது.

ஓர் அணியின் தலைவர் பருவம் தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டிய முடிவு இது. ஒரே மாதிரியான இரண்டு கார்களை இரண்டு பேரிடம் கொடுக்கிறார். அணிக்கான பட்டம் இருவரின் புள்ளிகளையும் கூட்டிக் கணக்கிடப்படுகிறது. ஓட்டுநர் பட்டமோ ஒருவருக்குத்தான். கார் வேறு என்று சாக்குச் சொல்ல முடியாத ஒரே எதிரி சக ஓட்டுநர்தான் என்பதால், முதலில் தோற்கடிக்க வேண்டியது அவரைத்தான் என்று பந்தய உலகில் சொல்வார்கள். நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் இண்டியானாபொலிஸில் நான்காவதாக வந்தபோது, ஆறு கார்கள் மட்டுமே ஓடிய அந்தப் பந்தயத்தில் அவருக்கு ஓரிடம் முன்னால் மேடையேறியவர் ஜோர்டன் அணியின் சக ஓட்டுநர் டியாகோ மொன்டெய்ரோ. அந்த ஓரிடம் எவ்வளவு பெரியது என்பதை எந்த ஓட்டுநரிடமும் விளக்க வேண்டியதில்லை. ஒரு உறைக்குள் இரண்டு கத்தி என்ற பழைய சிக்கலுக்கு அணிகள் மூன்று விதமான தீர்வுகளை முயன்று பார்த்திருக்கின்றன: ஒருவரை முதல்வராகவும் மற்றவரைத் துணையாகவும் அறிவித்துவிடுவது, இருவரையும் தடையின்றி மோதவிடுவது, மோதலாம், ஆனால் எழுதிவைத்த விதிகளுக்குள் என்று கட்டுவது.

முதல் வழியின் பெருமையும் அவமானமும் ஃபெராரியிடம் இருக்கின்றன. மைக்கேல் ஷூமாக்கர் 2000 முதல் 2004 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்கள் வென்றார். அந்த அணியில் யார் முதல்வர் என்பதில் யாருக்கும் குழப்பமே இருந்ததில்லை. 2002-இல் ஆஸ்திரியாவில், முதலிடத்தில் தொடங்கிப் பந்தயத்தின் பெரும்பகுதியும் முன்னணியில் ஓடிய துணை ஓட்டுநர் ரூபன்ஸ் பாரிக்கெல்லோ, இறுதிக் கோட்டுக்குச் சில மீட்டர்கள் முன்னால் வேகத்தைக் குறைத்து ஷூமாக்கரை முன்னே விட்டார். கூட்டம் கூச்சலிட்டு எதிர்த்தது. வென்றவர் மேடையின் உச்சிப் படியில் பாரிக்கெல்லோவை ஏற்றிவிட, மேடை முறைமையை மீறியதற்காக அணிக்குப் பத்து லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பலரும் அந்தக் கட்டளையைத்தான் குற்றம் சொல்கிறார்கள். எனக்கு அதில் உறுத்துவது வேறு: அது பருவத்தின் ஆறாவது பந்தயம்; அதற்கு முந்தைய ஐந்தில் நான்கை ஷூமாக்கர் ஏற்கெனவே வென்றிருந்தார்; 17 பந்தயங்கள் கொண்ட பருவத்தில் 11-வது பந்தயத்திலேயே பட்டமும் வென்றுவிட்டார். தேவைப்படாத ஒன்றைத் துணை ஓட்டுநரிடமிருந்து பறித்ததுதான் அங்கே நடந்த அநீதி.

தேவைப்பட்டபோது இதே வழி எப்படிப் பலன் தந்தது என்பதற்கு 2021 அபுதாபி சாட்சி. பழைய டயர்களில் ஓடிக்கொண்டிருந்த ரெட் புல்லின் துணை ஓட்டுநர் செர்ஜியோ பெரஸ், பட்டத்துக்கு வெர்ஸ்டாப்பனோடு மோதிய மெர்சிடிஸின் ஹாமில்டனை இரண்டு சுற்றுகளில் வளைவுக்கு வளைவு மறித்து, பல விநாடிகளை வெர்ஸ்டாப்பனுக்கு மீட்டுக் கொடுத்தார். ஆனால் இதற்கான விலை மெதுவாகத்தான் வெளியே தெரியும். 2025-இல் ரெட் புல் அணி எடுத்த 451 புள்ளிகளில் வெர்ஸ்டாப்பனுடையவை 421. இரண்டாவது கார், ஆண்டு முழுக்க, இருவர் ஓட்டியும், வெறும் 30. மெக்லாரன் 833 எடுத்து அணிப் பட்டத்தைச் சிங்கப்பூரிலேயே கைப்பற்றிவிட, ரெட் புல் மூன்றாம் இடத்தில் முடிந்தது. ஒருவருக்காகவே காரையும் திட்டத்தையும் வளைத்துக்கொண்டே போனால், மற்றவர் துணையாகக்கூட இருக்க முடியாத தூரத்துக்குப் பின்தங்கிவிடுகிறார்.

ஆஸ்திரியாவுக்குப் பிறகு, பந்தய முடிவை மாற்றும் அணிக் கட்டளைகளையே சட்டம் போட்டுத் தடைசெய்தார்கள். அந்தத் தடை எட்டுப் பருவங்கள் காகிதத்தில் இருந்தது. 2010-இல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் ஃபெராரியின் ஃபெலிப்பே மாஸாவிடம் ரேடியோவில் ‘ஃபெர்னாண்டோ உங்களைவிட வேகமாக இருக்கிறார், புரிந்ததா’ என்று கேட்டார்கள். அவருக்கு நன்றாகவே புரிந்தது, சக ஓட்டுநர் ஃபெர்னாண்டோ அலோன்சோ முன்னே போனார். ஒரு லட்சம் டாலர் அபராதம் கட்டி ஃபெராரி வெற்றியை வைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே தடை நீக்கப்பட்டது. வீட்டுக்குள் பேசிக்கொள்வதை வெளியிலிருந்து தடுக்க முடியாது என்பதால், தடையை ஒரு தனித் தெரிவாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது வழி ரசிகனின் கனவு. 1988-இல் மெக்லாரன் அணியில் அயர்டன் சென்னாவும் அலேன் ப்ராஸ்ட்டும் சேர்ந்து 16 பந்தயங்களில் 15-ஐ வென்றார்கள். 2014 முதல் 2016 வரை மெர்சிடிஸ் அணியில் லூயிஸ் ஹாமில்டனும் நிகோ ராஸ்பெர்க்கும் 59 பந்தயங்களில் 51-ஐ வென்றார்கள். 2014-இல் பஹ்ரைனில் அவர்கள் இருவரும் மாறி மாறி முந்திக்கொண்டு, ஒருமுறைகூட உரசாமல் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் வேறு எந்த வழியையும் ஏற்க மாட்டார்கள். அதே இருவர்தான் அதே ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்தின் இரண்டாவது சுற்றில் மோதினார்கள். ராஸ்பெர்க்கின் முன் இறக்கை ஹாமில்டனின் பின் டயரைக் கிழித்தது. 2016-இல் ஸ்பெயினில் முதல் சுற்றின் நான்காவது வளைவை அடைந்தபோது மெர்சிடிஸின் இரண்டு வெள்ளிக் கார்களும் சரளைக் கற்களில் கிடந்தன. அன்று வென்றவர் ரெட் புல்லுக்காக முதல்முறை ஓடிய 18 வயது வெர்ஸ்டாப்பன்.

இதையெல்லாம் மெர்சிடிஸால் தாங்க முடிந்ததற்குக் காரணம், அந்த மூன்று ஆண்டுகளிலும் வேறெந்த அணியும் பக்கத்தில்கூட இல்லை என்பதுதான். ஸ்பெயினில் 43 புள்ளிகளைத் தொலைத்த பிறகும் பட்டம் வீட்டுக்குள்ளேயேதான் இருந்தது. பக்கத்தில் ஒருவன் இருந்தால் கதை வேறு. 1986-இல் வில்லியம்ஸ் அணி 16 பந்தயங்களில் 9-ஐ வென்றது; ஆனால் நைஜல் மான்செல்லும் நெல்சன் பிக்கேவும் ஒருவரிடமிருந்து ஒருவர் புள்ளிகளைப் பிடுங்கிக்கொண்டதில், மான்செல் 70, பிக்கே 69, பட்டம் வென்ற ப்ராஸ்ட் 72 என்று முடிந்தது. 2007-இல் மெக்லாரனின் ஹாமில்டனும் அலோன்சோவும் ஆளுக்கு 109. ஃபெராரியின் கிமி ராய்க்கோனன் 110. ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதை எண்களில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

ஆகவே மூன்றாவது வழியில்தான் நிதானமாக நிற்க வேண்டியிருக்கிறது. அதன் பழைய தோல்விகளிலிருந்து தொடங்குவது நல்லது. இரண்டும் இத்தாலியின் இமோலாவில், இரண்டும் டோஸா என்ற அதே வளைவில் நடந்தவை. 1982-இல் ஃபெராரியின் ஜில் வில்னவும் டிடியே பிரோனியும் முதல் இரண்டு இடங்களில் ஓடிக்கொண்டிருக்கையில், ‘மெதுவாக’ என்ற பலகையை அணி காட்டியது. இருக்கும் வரிசையிலேயே முடிக்கச் சொல்கிறார்கள் என்று வில்னவ் எடுத்துக்கொண்டார். காரைப் பத்திரமாக ஓட்டச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் என்பது பிரோனியின் பொருள். கடைசிச் சுற்றில் டோஸாவில் பிரோனி உள்பக்கம் நுழைந்து வென்றார். இனி பிரோனியோடு பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டுப் போன வில்னவ், 13 நாட்கள் கழித்து ஸோல்டர் தகுதிச்சுற்றில் நேர்ந்த விபத்தில் இறந்துபோனார். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு அதே இமோலாவில், தொடக்கத்தில் யார் முன்னே போகிறாரோ அவரை, பிரேக் போடும் முதல் வளைவான டோஸாவில் மற்றவர் தாக்கக் கூடாது என்று சென்னாவும் ப்ராஸ்ட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள். கெர்ஹார்ட் பெர்கரின் விபத்தால் பந்தயம் நிறுத்தப்பட்டு மறுபடி தொடங்கியபோது ப்ராஸ்ட் முன்னே போக, டோஸாவுக்கு பிரேக் போடும் இடத்தில் சென்னா அவரை முந்தினார். ஒப்பந்தம் மறுதொடக்கத்துக்கும் பொருந்துமா? அதை யாரும் பேசியிருக்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானின் சுஸுகாவில், சிகேன் எனப்படும் இரட்டை வளைவில் இருவரும் கொக்கி போட்டதுபோல மாட்டிக்கொண்டு நின்ற படத்தை உலகமே பார்த்தது.

இரண்டு இடங்களிலும் வாக்கு மீறப்பட்டது என்பதைவிட, வாக்கின் எல்லை எது என்பதை இருவரும் வெவ்வேறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2013 மலேசியாவில் ரெட் புல்லின் குறிப்பு மிகத் தெளிவாகவே இருந்தது, மார்க் வெப்பரின் 2-ஆம் எண் கார் முன்னே, செபாஸ்டியன் வெட்டலின் 1-ஆம் எண் கார் பின்னே. வெட்டல் அதைக் கேட்டும் மதிக்காமல் வெப்பரை முந்தி வென்றார், அந்த வெற்றி அவரிடமே இருந்தது. ஆக, வாக்கு தெளிவாக இருப்பதோடு, மீறினால் என்ன ஆகும் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இன்றைய மெக்லாரன் இந்த வழியை வேறு யாரையும்விட ஆழமாக முயன்று பார்த்திருக்கிறது. 2024 ஹங்கேரியில், முன்னணியில் இருந்த பியாஸ்ட்ரிக்கு முன்பாக நோரிஸை டயர் மாற்ற அழைத்தது அணிதான். பின்னால் வந்த ஹாமில்டன் புதிய டயர்களின் வேகத்தில் நோரிஸை முந்திவிடக் கூடாது என்பது காரணம். அந்த அழைப்பால் நோரிஸ் பியாஸ்ட்ரிக்கே முன்னால் வந்துவிட்டார். அதன் பிறகு நடந்ததை ரேடியோவில் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்: நோரிஸின் பொறியாளர் சுற்றுக்குச் சுற்று, கெஞ்சலுக்கும் அறிவுரைக்கும் நடுவிலான ஒரு குரலில், பட்டத்தை வெல்ல உங்களுக்கு அணி தேவைப்படும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், நோரிஸோ இடைவெளியை ஆறு விநாடிகளுக்கு மேல் நீட்டிக்கொண்டே போகிறார். முடிவுக்கு மூன்றே சுற்றுகள் இருக்கும்போது, நேர்ச்சாலையில் காலைத் தூக்கி வழி விட்டார். பியாஸ்ட்ரிக்கு அதுதான் முதல் வெற்றி. இதில் நியாயம் எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: வரிசையைக் கலைத்தது அணியின் சொந்த முடிவு, கலைத்தவரே சரிசெய்வதுதான் முறை.

மான்சாவோ அதற்கு அடுத்த படி. அங்கும் பின்னால் இருந்த சார்ல் லெக்லெர்க்கிடமிருந்து காப்பதற்காகப் பியாஸ்ட்ரியை முதலில் அழைத்தார்கள். இதனால் உங்கள் இடம் போகாது என்று நோரிஸுக்கு உறுதியும் தந்தார்கள். அதுவரை சரி. ஆனால் நோரிஸின் இடம் போனதற்குப் பெருங்காரணம் அழைத்த வரிசையல்ல, தகராறு செய்த சக்கரம். கொடுத்த வாக்கை அணி காப்பாற்றியது என்பதால் அதைப் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் அவ்வளவு அகலமான வாக்கைக் கொடுத்ததுதான் பிழை என்று நினைக்கிறேன். அணி தன் முடிவுகளுக்குப் பொறுப்பேற்கலாம். அதிர்ஷ்டத்துக்கும் பொறுப்பேற்கப் புகுந்தால், எந்தத் துரதிர்ஷ்டத்துக்கு ஈடு உண்டு, எதற்கு இல்லை என்று ஒவ்வொரு ஞாயிறும் பஞ்சாயத்து வைக்க வேண்டிவரும்.

அணி நிர்வாகிகள் அமர்ந்திருக்கும் பிட் சுவரிலிருந்து வழங்கப்படும் நியாயம் இதுவென்றால், சக்கரத்தோடு சக்கரம் சேரும்போது வேண்டிய நியாயம் இன்னொரு வகை. பந்தயத்தை நெறிப்படுத்தும் உலக அமைப்பான எஃப்ஐஏவின் 2025 வழிகாட்டுதல்படி, உள்பக்கமாக முந்துபவரின் முன் அச்சு, வளைவின் உச்சிக்கு (உள் ஓரத்தைக் கார் மிக நெருங்கும் புள்ளிக்கு) முன்னும் உச்சியிலும் மற்றவரின் பக்கக் கண்ணாடி அளவுக்காவது எட்டியிருந்தால் அவருக்கு இடம் தர வேண்டும். வெளிப்பக்கமாக முந்துபவர் என்றால், உச்சியில் அவரது முன் அச்சு மற்றவரின் முன் அச்சைத் தாண்டியிருக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகலமுள்ள இரண்டு கார்கள் மணிக்கு 300 கிலோமீட்டரிலிருந்து பிரேக் போட்டு இறங்கும்போது, ஒரு கண்ணாடியின் நீளத்தில் உரிமை மாறுகிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஓட்டுபவருக்கு அந்தக் கோடு வேண்டும். சக ஓட்டுநர்களுக்கு அணிகள் இதற்கு மேல் ஒன்றைச் சேர்க்கின்றன: எந்த நிலையிலும் உரசக் கூடாது. கேட்க எளிமையான விதிதான். ஆனால் அதில் ஒரு வஞ்சனை ஒளிந்திருக்கிறது: ஒருவர் துணிந்து மூக்கை நுழைத்துவிட்டால், உரசலைத் தவிர்க்கும் கடமை முழுவதும் விலகிப் போகிறவர் தலையில் விழுந்துவிடுகிறது. முரடருக்கு இலாபம், நிதானமானவருக்கு நட்டம்.

2025 சிங்கப்பூரில் இதுதான் வெடித்தது. முதல் சுற்றின் மூன்றாவது வளைவில் உள்பக்கம் நுழைந்த நோரிஸ், முன்னால் இருந்த வெர்ஸ்டாப்பனின் காரைத் தொட்டு, அந்த வேகத்தில் பக்கத்தில் இருந்த பியாஸ்ட்ரியை இடித்து முன்னே போனார். இது நியாயமில்லை என்று பியாஸ்ட்ரி ரேடியோவில் சொன்னார். பந்தயத்தின்போது அணி எதுவும் செய்யவில்லை. பிற்பாடு, நோரிஸ்தான் பொறுப்பு என்று முடிவுசெய்து அவருக்குச் சில விளைவுகளை விதித்தது. இரண்டு வாரங்களில் ஆஸ்டினில் ஸ்பிரிண்ட் என்ற குறும்பந்தயத்தின் முதல் வளைவில், பியாஸ்ட்ரி உள்பக்கம் திரும்ப முயன்றதில் தொடங்கிய மோதலில் இரண்டு மெக்லாரன்களும் வெளியேற, பழைய கணக்கு அழிக்கப்பட்டது. அதற்கு முன்பு, ஜூனில் மொன்ட்ரியலில் நோரிஸ் பியாஸ்ட்ரியின் பின்புறம் மோதி, சுவரில் உரசி வெளியேறியபோது, காரிலிருந்து இறங்குவதற்குள் தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டிருந்தார். பெரிய விரிசல் ஏதுமில்லாமல் அது கடந்துபோனதற்குக் காரணம் அந்த ஒப்புதல்தான், விதிப்புத்தகம் அல்ல. சிங்கப்பூரில் தண்டனையை மோதலுக்குப் பிறகு யோசித்ததுதான் குறை. இடித்து முன்னே போனால் அந்த இடத்தை அதே பந்தயத்தில் திருப்பித் தர வேண்டும் என்ற ஒற்றை வரி பருவத்துக்கு முன்பே எழுதப்பட்டிருந்தால், ஆஸ்டின்வரை போயிருக்காது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், என் விடை அணியின் நிலையைப் பொறுத்து மாறும். இரண்டு ஓட்டுநர்களுக்கு இடையே சுற்றுக்கு ஒரு விநாடியில் பத்தில் மூன்று, நான்கு பங்கு வித்தியாசம் நிலையாக இருந்தால், முதல் வழியை ஒப்பந்தத்திலேயே எழுதி, துணைவருக்குத் தெரிந்தே கையெழுத்து வாங்கிவிடுவது நேர்மையானது. ஆறாவது பந்தயத்தில் ரேடியோவில் தெரியப்படுத்துவதுதான் கொடுமை. இருவரும் சமம், பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்றால், மோதவிடலாம். நட்டம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். இருவரும் சமம், மூன்றாவதாக ஒரு வெர்ஸ்டாப்பன் நெருங்கிக்கொண்டிருக்கிறார் என்றால், விதிகளோடு ஓட்டுவதைத் தவிர நல்ல வழி இல்லை. ஆனால் விதிகள் குறைவாகவும் குறுகலாகவும் இருக்க வேண்டும். அணியின் முடிவால் மாறிய இடம் திரும்பும். இயந்திரத்தாலோ கைத்தவறாலோ மாறிய இடம் திரும்பாது. இடித்துப் பெற்ற இடம் அன்றே திரும்பும். இருவரில் ஒருவர் எந்தப் புள்ளி வித்தியாசத்தில் மற்றவருக்கு உதவத் தொடங்க வேண்டும் என்பதும் மார்ச் மாதத்திலேயே எழுதப்பட வேண்டும். ஏனெனில் நவம்பரில் அதை எழுதினால், எழுதும்போதே யாருக்காக என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இப்படிச் சொன்னதும் மான்சாவின் மூன்று புள்ளிகளை எடுத்துக்காட்டி, உங்கள் குறுகலான விதியால் மெக்லாரன் பட்டத்தை இழந்திருக்குமே என்று ஒருவர் மடக்கலாம். இழந்திருக்கலாம். ஆனால் அந்த ஆண்டு மெக்லாரனுக்குக் கிடைத்தது அந்த மூன்று புள்ளிகள் மட்டுமல்ல. அபுதாபியில் நோரிஸ் இரண்டாவதாகவும் பியாஸ்ட்ரி மூன்றாவதாகவும் தொடங்கினார்கள். பியாஸ்ட்ரிக்கும் இன்னும் பட்ட வாய்ப்பு இருந்தது. பட்டம் வெல்ல நோரிஸுக்கு மூன்றாம் இடமே போதும். முதல் சுற்றில், ஒன்பதாவது என்ற நீண்ட இடது வளைவில், பியாஸ்ட்ரி வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து நோரிஸை முந்தினார். கதவை மூட நோரிஸ் முயலவில்லை. உள்கோட்டிலேயே நின்றார், வெளியே ஒரு காருக்கும் கொஞ்சம் கூடுதலாகவும் இடம் விட்டார். இருவரும் ஒரு கீறல்கூட இல்லாமல் அடுத்த நேர்ச்சாலைக்குள் நுழைந்தார்கள், பியாஸ்ட்ரி முன்னே, நோரிஸ் பின்னே.